மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா?

கோத்தகிரி வட்டத்திலிருந்து பத்தொன்பது வயது மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை நீக்கி, சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

நீலகிரியில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். தங்குவது கல்லூரி விடுதியில். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. தோழிகள் நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். பெரிய சார்ட் தாளில் எழுதி, படம் வரைந்து, கேன்டீனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவார்கள். முதல் இரண்டு இதழ்களில் கவிதையும் விடுகதையும் இருந்தன. முதல்வரே நின்று படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனாராம்.

மூன்றாவது இதழில் இந்த மாணவி பச்சைத் தேயிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மழைக்காலத்தில் இலை நனைந்திருக்கிறது என்று சொல்லி எடையில் கழிக்கிறார்கள், எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குக் கணக்கே காட்டுவதில்லை என்பது கட்டுரையின் சாரம். எந்தத் தொழிற்சாலையின் பெயரும் அதில் இல்லை. அதே இதழில் விடுதிக் குளியலறையில் வெந்நீர் வருவதில்லை என்று இன்னொரு தோழி நாலு வரி எழுதியிருந்தார். ஆனால் கல்லூரி அறங்காவலர்களில் ஒருவருக்குத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. மாணவியின் அப்பா இலை போடுவதும் அங்கேதான்.

மறுநாள் காலை சார்ட்டைக் கிழித்துவிட்டார்கள். அதற்குள் ஒரு தோழி கட்டுரையைப் படம் எடுத்து, அந்த அறங்காவலரின் பெயரைக் குறிப்பிட்டு, 'கொள்ளை' என்று தலைப்புப் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டார். நம் மாணவி அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பகிர்ந்தார். நால்வருக்கும் மெமோ வந்தது. அனுமதியின்றி ஒட்டியது, கல்லூரியின் பெயரைக் கெடுத்தது, வெளி அரசியலை வளாகத்துக்குள் கொண்டுவந்தது என்று மூன்று குற்றச்சாட்டுகள். மூன்று நாளில் மன்னிப்புக் கடிதத்தோடு பெற்றோரை அழைத்து வர வேண்டும். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதுவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று வாயால் சொன்னார்கள். எழுதித் தராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, டி.சி.யில் நடத்தை பற்றி எழுதிவிடுவோம், சைபர் கிரைமில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் புகார் கொடுப்போம் என்று துறைத் தலைவர் பயமுறுத்தியிருக்கிறார். அந்த வாரமே புதிய சுற்றறிக்கை ஒன்றும் வந்தது. இனி வளாகத்தில் எதை ஒட்டினாலும், எங்கே கூடிப் பேசினாலும், கல்லூரியைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எதை எழுதினாலும் முதல்வரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும் என்கிறது அது.

மற்ற மூவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவர் கொடுக்கவில்லை. 'பேச்சு சுதந்திரம் என் அடிப்படை உரிமை, கல்லூரி என்னை ஒன்றும் செய்ய முடியாதுதானே? நேராக ஹைகோர்ட் போகலாமா? சேர்க்கையின்போது நீயும் நானும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இனி பேச வழியில்லை, காலில் விழுந்தாவது முடித்துக்கொள் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?' என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

கெடு நெருங்கியிருந்ததால் பதிலின் சாரத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் எழுதிய கட்டுரையில் தப்பு எதுவும் இல்லை. 2023-ல் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்ததை இந்த மலையே பார்த்தது. தேயிலை விற்ற விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பங்கு வகுத்து, அதன்படி தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்கு விலை அறிவிக்கிறது. விலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று அறிவித்துவிட்டு எடையில் கழித்தால் அந்த அறிவிப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். வணிகவியல் மாணவி கேட்க வேண்டிய கேள்வி அது. அதை வகுப்பில் ஒப்படைப்பாக எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

ஆனால் உங்கள் சட்டக் கணிப்பு முழுக்கச் சரியல்ல. அப்பாவின் கணிப்பும் சரியல்ல.

தனியார் கல்லூரியிடம் அரசமைப்புச் சட்டம் செல்லுமா?

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 19(1)(அ) தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரான பாதுகாப்பு. அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ உங்கள் சார்ட்டைக் கிழித்திருந்தால் கேள்வி சுலபம். அந்தப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த 19(2) எட்டுக் காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். 'நிறுவனத்தின் பெயர் கெடும்' என்று ஒன்பதாவது காரணம் கிடையாது. அந்த எட்டுக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்துவதும் சட்டத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். கேரளத்தில் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கிய பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சட்ட வலு இல்லாத துறைச் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு பேச்சுரிமையைப் பறிக்க முடியாது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

உங்கள் கல்லூரி தனியார் அறக்கட்டளை நடத்துவது. அதனால் இந்த வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் முதல்வர் மேசையில் வைக்க முடியாது. அதற்காகக் கல்லூரி சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்றும் ஆகாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்து, அதன் பட்டத்துக்காகப் பாடம் நடத்தும் கல்லூரி பொதுக் கடமை ஒன்றைச் செய்கிறது. அப்படிப்பட்ட தனியார் அறக்கட்டளைக்கு எதிராகவும் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 226-ன் கீழ் உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கலாம் என்று ஆண்டி முக்தா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ல் கோழிக்கோடு பக்கம் கல்லூரி விடுதி மாணவி ஒருவர், விடுதியில் குறிப்பிட்ட நேரங்களில் கைப்பேசியைப் பறித்து வைக்கும் விதியை ஏற்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்டார். இணைய வசதியைப் பெறுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கூறி அவரை மறுபடி விடுதியில் சேர்க்கக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பேச்சுரிமை முதலான பிரிவு 19 உரிமைகளையும், உயிர் வாழ்வு, தனிமனிதச் சுதந்திரம் பற்றிய பிரிவு 21 உரிமைகளையும் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அது எந்த அளவுக்கு, எப்படி என்பது வழக்குக்கு வழக்கு இனிமேல்தான் தெளிவாக வேண்டும்.

ஆகவே உங்கள் கையில் வலுவாக இருப்பது முறையான நடைமுறை என்ற வாதம். விளக்கம் கேட்காமல் தண்டிக்கக் கூடாது, குற்றச்சாட்டை எழுத்தில் சொல்ல வேண்டும், பதில் தரப் போதிய அவகாசம் வேண்டும், காரணம் காட்டி ஆணை தர வேண்டும். தேர்வில் முறைகேடு செய்ததாக மாணவர்களின் முடிவுகளை அவர்களைக் கேட்காமலே ரத்து செய்தது செல்லாது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம் ரத்தானபோது மாணவர்கள் முன்வைத்த முக்கியக் கேள்வியும் தங்களிடம் விளக்கம் கேட்கப்படவில்லை என்பதுதான். ஜூன் முதல் வாரத்திலேயே அங்கீகாரம் திரும்பி வந்தது. உங்கள் விஷயத்தில் மெமோவுக்குப் பதில் தருவதற்கு முன்பே அடையாள அட்டையைப் பறித்து வகுப்பை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். விசாரணைக்கு முன்னாலேயே தண்டனை ஆரம்பித்துவிட்டது. அவர்கள் தரப்பில் மிகப் பலவீனமான இடம் அது.

கல்லூரி விசாரணை என்றால் நீதிமன்றம்போல் வக்கீல், குறுக்கு விசாரணை எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது தேவையில்லை என்றும் தீர்ப்புகள் உண்டு. உங்கள் தரப்பைக் காது கொடுத்துக் கேட்டார்களா என்பதையே நீதிபதி பார்ப்பார்.

கல்லூரி எதைத் தடுக்கலாம்?

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். கேன்டீன் சுவர் கல்லூரியுடையது. எங்கே ஒட்டலாம், எத்தனை நாள் இருக்கலாம், வகுப்பு நேரத்தில் ஒலிபெருக்கி வைக்கலாமா, விடுதியில் இரவு கூட்டம் போடலாமா என்பதற்கெல்லாம் விதி வகுக்கக் கல்லூரிக்கு அதிகாரம் உண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கே கல்லூரி தடை விதிக்கலாம் என்று 2003-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கல்லூரியின் வழக்கறிஞர் அதைக் கட்டாயம் எடுத்து வைப்பார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. பதினெட்டு வயதில் வாக்குரிமை கொடுத்துவிட்டு வளாகத்துக்குள் அரசியலே பேசாதே என்பது எப்படிப் பொருந்தும்? 1965 மொழிப் போராட்டத்திலும் 2017 மெரினாவிலும் முன்னால் நின்றவர்கள் இந்த வயதுப் பிள்ளைகள்தானே.

இடத்துக்கும் நேரத்துக்கும் விதி வகுப்பது வேறு. கருத்தைப் பார்த்துத் தண்டிப்பது வேறு. முதல் இரண்டு இதழ்களுக்கும் யாரும் அனுமதி கேட்கவில்லை. முதல்வர் நின்று படித்தார். மூன்றாவது இதழ் வந்ததும் அனுமதி ஞாபகம் வருகிறதென்றால் பிரச்சினை சுவரில் இல்லை, கட்டுரையில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை எழுத்தில் பதிவு செய்துவிட்டால் பின்னால் எந்த மன்றத்திலும் அது உங்களுக்குக் கைகொடுக்கும். முதல் இரண்டு இதழ்களின் படங்கள் யாரிடமாவது இருக்கும். தேதி தெரியும்படி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சுற்றறிக்கையில் ஒட்டுவதற்கு அனுமதி கேட்கும் பகுதி ஓரளவு நிற்கும். எங்கே கூடிப் பேசினாலும் அனுமதி, வீட்டில் உட்கார்ந்து தன் கைப்பேசியில் எழுதினாலும் அனுமதி என்ற பகுதி நிற்காது என்பது என் கருத்து. விடுதியில் வெந்நீர் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்வதற்கும் இனி முதல்வரின் கையெழுத்து வேண்டுமா? டிசம்பர் மாதத்து நீலகிரியில் வெந்நீர் வசதி கேட்டதைக் கட்டுப்பாட்டு மீறல் என்று எழுதியவர்கள் ஒரு வாரம் அந்த விடுதியில் தங்கிப் பார்க்க வேண்டும்.

முத்திரைத்தாளில் போட்ட கையெழுத்து

அப்பாவின் பயம் இதில்தான் ஆரம்பிக்கிறது. சேர்க்கையின்போது 'கல்லூரி விதிகளுக்குக் கட்டுப்படுவேன்' என்று எழுதி வாங்குவது எல்லா இடத்திலும் உண்டு. ராகிங் செய்ய மாட்டேன், கட்டணம் கட்டுவேன், வருகைப்பதிவு காப்பேன் என்பதற்கெல்லாம் அது செல்லும். 'எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன்' என்ற பொருளில் அதை நீட்ட முடியாது. அடிப்படை உரிமையை ஒருவர் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டாலும் அது அவரைக் கட்டாது என்று மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள், 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது அரசுக்கு எதிரான வழக்கு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் ஒரு கையெழுத்தோடு கதை முடிந்தது என்று அப்பா நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே பயப்படும் பெற்றோர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

இன்ஸ்டாகிராம் பதிவுதான் எனக்குக் கவலை

கட்டுரைக்காக நான் கவலைப்படவில்லை. யாரையும் குறிக்காத கட்டுரையில் அவதூறு இருக்க முடியாது. தோழி போட்ட தலைப்பு வேறு விஷயம். ஒருவரின் பெயரைப் போட்டுக் 'கொள்ளை' என்றால் அது அந்த மனிதர் மேல் சுமத்தும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356 அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், இரண்டும் சேர்த்து, அல்லது சமூக சேவை என்று தண்டனை வைத்திருக்கிறது. உண்மையைப் பொது நன்மைக்காகச் சொன்னால் விலக்கு உண்டு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட தொழிற்சாலையில் குறிப்பிட்ட அளவு அநியாயமாகக் கழித்தார்கள் என்று ரசீதோடு காட்ட வேண்டிய சுமை உங்கள் மேல் வந்து விழும். மற்றவர் எழுதியதை நாம் பகிர்ந்தாலும் பொறுப்பு வரலாம்.

அதனால் தோழியிடம் பேசி அந்தத் தலைப்பையும் பெயரையும் எடுக்கச் சொல்லுங்கள். கட்டுரைப் படம் இருக்கட்டும். எடுப்பதற்கு முன் இருந்தபடியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இல்லாததையும் சேர்த்து யாராவது சொல்லிவிடக் கூடாது. யூடியூப் சேனல்காரர் பேட்டி கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அது உங்கள் உரிமைதான். ஆனால் அவர் வைக்கும் தலைப்பு உங்கள் கையில் இல்லை, அதற்கான மெமோ மட்டும் உங்கள் கைக்கு வரும்.

66ஏ பிரிவைச் சொல்லிப் பயமுறுத்தியதைப் பொருட்படுத்த வேண்டாம். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. ஒரு விஷயத்தை விவாதிப்பதும், வற்புறுத்திச் சொல்வதும் பேச்சுரிமையின் உயிர், அது தூண்டிவிடும் கட்டத்தை எட்டினால்தான் சட்டம் தலையிடலாம் என்று விளக்கிய தீர்ப்பு அது. பத்து ஆண்டுக்கும் மேலாக இல்லாத ஒரு பிரிவைச் சொல்லி ஒரு மாணவியை மிரட்டுவது ஆசிரியர் பொறுப்பில் இருப்பவருக்கு அழகல்ல.

மெமோவுக்கு என்ன எழுதுவது?

மன்னிப்புக் கடிதத்துக்கும் விளக்கக் கடிதத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 'ஒழுங்கீனமாக நடந்துகொண்டேன், கல்லூரியின் பெயரைக் கெடுத்தேன், மன்னியுங்கள்' என்று அவர்கள் தட்டச்சு செய்து தரும் தாளில் கையெழுத்துப் போட்டால், அது குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆவணம். அடுத்த ஆண்டு வேறு எதற்காவது நடவடிக்கை எடுக்கும்போது 'ஏற்கெனவே ஒருமுறை' என்று அந்தத் தாள்தான் வெளியே வரும். அதனால் அதில் கையெழுத்து வேண்டாம். பதில் கொடுக்காமலும் இருக்காதீர்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகவே எழுதிவிடுவார்கள். உங்கள் கையெழுத்திலேயே, உங்கள் நடையிலேயே, மரியாதையாக, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

'தங்கள் மெமோ கிடைத்தது. மூன்றாவது இதழை ஒட்டுவதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி பெறவில்லை. முதல் இரண்டு இதழ்களுக்கும் அனுமதி கேட்கப்படாததாலும், அவற்றைத் தாங்களே படித்திருந்ததாலும் அனுமதி தேவை என்பது எனக்குத் தெரியவில்லை. இனி உரிய அனுமதி கேட்டே ஒட்டுவேன். கட்டுரையில் எந்த நபரையும் நிறுவனத்தையும் நான் குறிப்பிடவில்லை. தேயிலை விவசாயி வீட்டுப் பெண் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். இன்ஸ்டாகிராம் பதிவும் அதன் தலைப்பும் என்னுடையவை அல்ல. அதை நான் ஸ்டேட்டஸில் பகிர்ந்தபோது ஒருவரின் பெயரும் அதில் இருந்ததற்கு வருந்துகிறேன். இப்போது அது என் ஸ்டேட்டஸில் இல்லை. நான் மீறியதாகச் சொல்லப்படும் விதியின் நகலைத் தரவும், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு அளிக்கவும் வேண்டுகிறேன். என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்து வகுப்பில் அனுமதிக்கவும், இடைப்பட்ட நாள்களின் வருகைப்பதிவு பாதிக்கப்படாமல் இருக்கவும் ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.'

இதில் பணிவு இருக்கிறது, பொய் இல்லை. சுவர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறீர்கள், கட்டுரையை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்பி, ஸ்பீட் போஸ்ட்டிலும் போட்டுவிடுங்கள்.

வருகைப்பதிவு பற்றிய வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வகுப்புக்கு வராதே என்று வாயால் சொல்லிவிட்டு, பருவ முடிவில் 75 சதவீதம் இல்லை, அதனால் ஹால் டிக்கெட் இல்லை என்று சொல்வது சுலபம். அப்போது அது தண்டனையாகத் தெரியாது, நீங்களே வராததுபோல் தெரியும். ஆகவே தினமும் காலையில் வகுப்பு நேரத்துக்குப் போங்கள். அனுமதிக்காவிட்டால் அன்றே முதல்வருக்கு இரண்டு வரி மின்னஞ்சல்: 'இன்று இத்தனை மணிக்கு வந்தேன், இன்னார் அனுமதிக்கவில்லை.' என் அனுபவத்தில் நாலைந்து மின்னஞ்சல் சேர்ந்ததும் பல கல்லூரிகள் தாமாகவே வகுப்பில் உட்காரச் சொல்லிவிடுகின்றன.

எழுதிக் கொடுத்துவிட்ட மூன்று தோழிகள் மேல் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. ஒவ்வொருவர் வீட்டு நிலைமை ஒவ்வொன்று.

அடுத்து எங்கே போவது?

நேராக உயர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் கல்லூரிக்குள்ளேயே தீர்வு தேடினீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள், 2023 என்று ஒன்று இருக்கிறது. தனியார் கல்லூரிக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் தலைவர், மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர், மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தருவது நல்லது என்கிறது விதி. அதன் முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஓய்வு பெற்ற துணைவேந்தராகவோ, பேராசிரியராகவோ, மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் என்பதுதான் இதில் முக்கியம். இவர்களின் விவரம் கல்லூரி இணையதளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் புகாரில் ஒரு வரியாகச் சேருங்கள். நகல் ஒன்றைக் கோவையில் உள்ள கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

தேர்வு நெருங்கி, ஹால் டிக்கெட்டை உண்மையிலேயே நிறுத்திவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அப்போது உயர் நீதிமன்றத்தில் அவசர ரிட் மனு போடலாம், தேர்வு எழுத இடைக்கால உத்தரவு கேட்கலாம். நீலகிரி மாவட்டத்துக்குச் சென்னை அமர்வுதான். கொடைக்கானல் பக்கத்து மாணவர்களென்றால் மதுரைக் கிளை. செலவை நினைத்து மலைக்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

டி.சி. பற்றிய பயத்துக்கு ஒரு வார்த்தை. விசாரணையும் எழுத்து ஆணையும் இல்லாமல் நடத்தையைக் குறை சொல்லி எழுதினால் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க முடியும். அசல் சான்றிதழ்கள் கல்லூரியிடம் இருந்தால் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். சரிபார்த்தபின் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது.

அப்பாவுக்காக

கடிதம் முழுக்க அப்பா பயந்தவர், பணிந்து போகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: அப்பா இலை போடுவது அந்த அறங்காவலரின் தொழிற்சாலையில். எனக்கு அந்த வரிதான் அவரைப் புரியவைத்தது. அவர் உங்கள் கட்டுரையைத் தப்பு என்று சொல்லவில்லை. நாளைக்கு இலையை வாங்க மாட்டேன் என்றால் பறித்த கொழுந்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யோசிக்கிறார். பறித்த இலை மறுநாள் வரை தாங்காது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மெமோவுக்குப் பதில் எழுதுவதற்கு முன் அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். வேறு எந்தத் தொழிற்சாலைக்கு இலை போடலாம், ஊரில் மற்றவர்கள் எங்கே போடுகிறார்கள், கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினர் ஆக வழி உண்டா என்று கேட்டு வையுங்கள். தேயிலை வாரியம் தந்த விவசாயி அடையாள அட்டை, சென்ற ஆறு மாத இலை ரசீதுகள் இரண்டையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மகள் எழுதியதற்காக அப்பாவின் இலையை மறுத்தாலோ, திடீரென்று கழிவை ஏற்றினாலோ குன்னூரில் உள்ள தேயிலை வாரிய மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அப்போது இந்த ரசீதுகள் வேண்டும்.

பெற்றோரை அழைத்து வரச் சொல்லியிருப்பதால் அப்பா வரட்டும். ஆனால் அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க விடாதீர்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள். ஊரில் அப்பா மதிக்கும் படித்தவர் ஒருவர், ஆசிரியரோ வங்கியில் வேலை பார்த்தவரோ இருந்தால், அவரையும் அழைத்துப் போங்கள். எதைக் கொடுத்தாலும் 'வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறோம்' என்று அப்பா ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அன்றே பார்த்துச் சொல்கிறேன்.